சேலையா, சுடிதாரா? அதற்கு முன் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 49. விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் சேலைதான். இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடா கட்டும் இடம் முழுவதும் கறுத்துத் தடித்துவிட்டது. வெயில் காலம் வந்தால் அரிப்பு தாங்க முடிவதில்லை. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வலது பக்கம் முடிச்சு விழும் இடத்தில் பொங்கலுக்கு முன்பிருந்து சின்னதாக ஒரு புண்ணும் இருக்கிறது. சுடிதாருக்கு மாறலாம் என்றால் தலைமையாசிரியை முகம் சுளிக்கிறார். ‘நாங்கள் கட்டாத சேலையா, எங்களுக்கு வராத நோயா’ என்கிறார் மாமியார். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஜீன்ஸும் லெக்கிங்ஸும்தான் போடுகிறாள். அவளுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. அதற்கும் அவள் உடையைத்தான் குறை சொல்கிறார்கள். எந்த உடை உடம்புக்கு நல்லது என்று ஒரு தோல் மருத்துவராக நீங்கள் சொன்னால், எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வருவோம்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கேட்டிருப்பது உடையைப் பற்றி. நான் முதலில் பேசப்போவது, கடிதத்தின் நடுவே ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்தப் புண்ணைப் பற்றி. பொங்கலுக்கு முன்பு வந்தது, சித்திரை பிறக்கப்போகும் இந்த நேரத்திலும் இருக்கிறது என்றால் மூன்று மாதம் தாண்டிவிட்டது. அத்தனை நாள் ஒரே இடத்தில் ஆறாமல் நிற்கும் புண்ணை ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். கடிதத்தை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ இந்த வாரமே போங்கள். பள்ளி விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அங்கே மருத்துவர் புண்ணின் விளிம்பு தடித்திருக்கிறதா, தொட்டால் இரத்தம் கசிகிறதா, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு மிளகளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கூடவே இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஆறாத புண், அடங்காத அரிப்பு, மடிப்புகளில் பூஞ்சை என்று வருகிற நடுவயதுப் பெண்களில் பலருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இடுப்பில் வரும் இப்படிப்பட்ட புண்களில் பெரும்பாலானவை வெறும் உராய்வுப் புண்கள்தான். ஆனால் மிக அரிதாக, பல்லாண்டுகள் அழுத்திய இடத்தில் தோல் புற்று தோன்றுவதும் உண்டு. 2024இல் ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ மருத்துவ இதழில் மகாராஷ்டிர, பிகார் மருத்துவர்கள் இப்படி இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. சேலைக்குள் பாவாடையை இறுக்கிக் கட்டிவந்தவர், வலது பக்க இடுப்பில் 18 மாதம் ஆறாமல் இருந்த புண்ணோடு வந்தார். இன்னொருவர் அறுபதுகளின் இறுதியில் இருந்தவர். அவர் பாவாடையே கட்டியதில்லை. ‘லுக்டா’ என்ற பழைய முறையில் சேலையை நேராக இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டவர். செய்தித்தாள்கள் இதைச் ‘சேலைப் புற்று’ என்ற பெயரில் சில நாள் பரபரப்பாக்கின. சேலை என்ன செய்யும், பாவம்! வேட்டியை இறுக்கிக் கட்டிய ஆண்களுக்கு இதே இடத்தில் இதே புற்று வந்ததை இந்திய மருத்துவர்கள் 1945இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேலையையும் சுடிதாரையும் எதிரெதிரே நிறுத்தி எது நல்லது என்று கேட்கிறீர்கள். தோலைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினைக்கே பொருள் இல்லை. எவ்வளவு அகலத்தில் அழுத்துகிறது, எத்தனை மணி நேரம் அழுத்துகிறது, வியர்வையைக் காயவிடுகிறதா, எங்கே உராய்கிறது, இவைதான் தோலுக்குக் கணக்கு.

உங்கள் நாடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது தட்டையாக இருக்கும். நாலு முறை துவைத்தால் சுருண்டு, அரை சென்டிமீட்டர் கனத்தில் கயிறாகிவிடும். சேலையின் கொசுவம், முந்தானை, ஊக்கு எல்லாவற்றின் பாரமும் அந்தக் கயிற்றின் மேல். நின்றுகொண்டு கட்டுகிறீர்கள். உட்கார்ந்தால், சாப்பிட்டால் இடுப்பு பெருக்கும், கயிறு இன்னும் உள்ளே போகும். அடியில் வியர்வை காய வழியில்லை. காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கும் வரை இதே நிலை. தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது, கறுக்கிறது. அரிக்கிறது என்று சொறிந்தால் மேலும் தடிக்கிறது. முடிச்சு விழுகிற பக்கம் எப்போதும் அதிகம் கெடும். உங்கள் புண் அங்கே வந்ததில் வியப்பில்லை. வெண்புள்ளி வரும் வாகு உள்ளவர்களுக்கு இதே வரியில் கறுப்புக்குப் பதிலாக வெளுப்பு வரும்.

அதே இறுக்கத்தை நாலு சென்டிமீட்டர் அகலப் பட்டையில் பரப்பினால் தோலின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பாவாடைக்கு அகலமான துணிப்பட்டையும் கொக்கியும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தெருமுனைத் தையல்காரருக்கு அது பத்து நிமிட வேலை. நாடாதான் வேண்டும் என்றால் அகலமான பருத்தி நாடா போட்டு, முடிச்சை ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று மாற்றுங்கள். கட்டும் உயரத்தையும் இரண்டு விரல் மேலே கீழே மாற்றுங்கள். கட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

‘தளர்த்திக் கட்டினால் சேலை நழுவுமே’ என்பீர்கள். நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாவாடைத் துணி. சாட்டின் பாவாடையின் மேல் வழுவழுப்பான செயற்கை இழைச் சேலை நிற்கவே நிற்காது. அதை நிறுத்தத்தான் மூச்சு முட்ட இறுக்குகிறோம். பருத்திப் பாவாடையின் மேல் பருத்திச் சேலை தானாகவே பிடித்துக்கொள்ளும். பெண்களிடம் ‘நாடாவைத் தளர்த்துங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எதைத் தளர்த்தினால் எது அவிழும் என்பதைக் கட்டுகிறவர் தெரிந்துதானே வைத்திருக்கிறார்!

இப்போது சேலைக்கென்று தொடையோடு ஒட்டும் லைக்ரா உள்பாவாடைகள் வந்திருக்கின்றன. நாடா இல்லை என்பதால் இடுப்புக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் வெயிலில் நாள் முழுவதும் போட்டால் உங்கள் இடுப்புப் பிரச்சினை மகளின் தொடை இடுக்குப் பிரச்சினையாக மாறிவிடும். கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் போடுங்கள். பள்ளிக்கு வேண்டாம்.

சரி, சுடிதார்? மாறுங்கள், தாராளமாக. ஆனால் மாறியவுடன் குணமாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். சுடிதார் பேன்ட்டிலும் நாடாதான் இருக்கிறது, அதையும் அதே வரியில்தான் கட்டுவீர்கள். சேலையைத் தாங்க வேண்டாம் என்பதால் அவ்வளவு இறுக்கத் தேவையில்லை, அது ஒரு லாபம். முன்பக்கம் தட்டையான பட்டையும் பின்பக்கம் அகலமான எலாஸ்டிக்கும் வைத்த பருத்திப் பேன்ட் உங்களுக்குப் பொருந்தும். மெல்லிய எலாஸ்டிக் வேண்டாம், அதுவும் ஒரு கயிறுதான்.

மாமியாரின் வாதத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய தாய், பாட்டி காலத்தில் உங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் கட்டியது பின்கொசுவச் சேலை. கெட்டியான கைத்தறிப் பருத்தி, கண்டாங்கியோ சுங்குடியோ. கணுக்காலுக்கு மேலே நிற்கும். வயலில் குனிந்து நிமிர வசதியாகக் கொசுவம் பின்னால் போகும். பலருக்கு உள்பாவாடையே கிடையாது. துணி தன் அகலத்திலேயே இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும், கயிறு இல்லை. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ எட்டு சதவீத ஈரத்தைச் சாதாரணக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும் இழை, பாலியஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே ‘எங்களுக்கு வராத நோயா’ என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சேலையை இன்று நீங்கள் கட்டவில்லையே. ஐந்தரை மீட்டர் செயற்கைப் பட்டு, சாட்டின் பாவாடை, கயிற்று நாடா, முன்கொசுவம், தோளில் ஊக்கு: பள்ளி ஆசிரியைகளின் மரபு உடை என்று இன்று சொல்லப்படுவது இதைத்தான். இது அவருடைய பாட்டிக்கு நம் சுடிதார் எவ்வளவு புதிதோ அவ்வளவு புதிது.

நம் பக்கத்தில் உடை எந்தக் காலத்திலும் அப்படியே நின்றதில்லை. மார்பை மறைக்கும் உரிமைக்காகவே தென் திருவிதாங்கூரில் பெண்கள் பல்லாண்டு அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. நாடார் பெண்களுக்கு அந்த உரிமையை ஏற்று அரச அறிவிப்பு வந்தது 1859இல். ‘அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் எந்தக் காலம் என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரிடம் வேண்டாம், தலைமையாசிரியையிடம் வேண்டுமானால் பணிவாகக் கேட்கலாம்.

அவரிடம் பேச இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வகுத்த உடை விதியில் பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவையும் இருக்கின்றன. கோட்டையில் கோப்பு பார்க்கிறவருக்குத் தகுந்த உடை வகுப்பறைக்கு மட்டும் எப்படித் தகாது? உங்கள் பள்ளியில் சேலைதான் என்று எழுத்தில் விதி ஏதும் இருக்கிறதா, அல்லது வெறும் முகச்சுளிப்புதானா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முகச்சுளிப்பு மட்டும் என்றால், பார்க்கப்போகும் மருத்துவரிடம் ‘இடுப்பில் இறுக்கமான உடையைத் தவிர்க்க வேண்டும்’ என்று ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். அது சான்றிதழாக இருக்கும், விவாதமும் அதோடு நின்றுவிடும். உடைக்கு மருத்துவச் சீட்டு தேவைப்படுவதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் வாங்கிவையுங்கள்.

வாரம் முழுவதும் ஒன்றையே உடுத்த வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு நாள் சேலை, மூன்று நாள் சுடிதார் என்று மாற்றினால் அழுத்தம் விழும் இடமும் மாறும். சேலை உங்களுக்குப் பிடித்திருக்கலாம். கடிதத்தில் அது பிடிக்கவில்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. பிடித்திருந்தால் விட வேண்டியதே இல்லை, பாவாடையை மாற்றினால் போதும்.

மகளைப் பற்றி. படர்தாமரை பூஞ்சையால் வருகிறது. ஜீன்ஸ் அதை உண்டாக்கவில்லை. ஆனால் தொடையோடு ஒட்டிய கனத்த துணி, அடியில் வியர்வை, பஸ்ஸில் ஒரு மணி நேரம், வகுப்பில் ஆறு மணி நேரம் என்றால் பூஞ்சை வளர அதைவிட வசதியான இடம் இல்லை. லெக்கிங்ஸ் இன்னும் மோசம், அடிக்கடி செயற்கை இழையாக இருப்பதால். அவளை ஜீன்ஸே போடாதே என்று சொல்ல மாட்டேன். குணமாகும் வரை தொளதொளப்பான பருத்திப் பேன்ட்டோ பாவாடையோ போடட்டும், பிறகு ஜீன்ஸை நாள் விட்டு நாள் போடட்டும். ஈரமான உள்ளாடையோடு உட்காரக் கூடாது, குளித்ததும் மடிப்புகளை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே உடுத்த வேண்டும்.

உடையைவிடப் பெரிய குற்றவாளி வேறு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். உங்கள் களிம்பை அவளும் தடவுகிறாளா? மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு ஒரே நாளில் அடங்கும், தோலின் எதிர்ப்பும் அடங்கும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். தொடை இடுக்கில் நீண்ட நாள் போட்டால் தோல் மெலிந்து, பிரசவக் கோடுகள் போன்ற தழும்புகள் விழும், அவை போகாது. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விற்பனை நிற்கவில்லை. கடந்த பல ஆண்டுகளாக நாடு முழுவதும் படர்தாமரை சாதாரண மருந்துக்கு அடங்காமல் தோல் மருத்துவர்களைத் திணறடிப்பதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே அவளையும் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். பல வாரங்கள் ஆகலாம். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் மீண்டும் வரும். துண்டு, சோப்பு, உள்ளாடை எதையும் வீட்டில் யாரும் பகிரக் கூடாது. அவள் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். உள்ளாடையை யார் கண்ணிலும் படாமல் துண்டுக்கு அடியில் நிழலில் காயவைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். தோல் நோய்க்கு அந்த வெட்கம் செய்யும் உபகாரம் கொஞ்சமல்ல. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். உங்கள் இடுப்பு அரிப்பிலும் பூஞ்சை கலந்திருக்கலாம். மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டிச் சோதித்தால் தெரிந்துவிடும்.

உடை சார்ந்த வேறு சில தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு தலைமுறைக்கும் பொது என்பதால். சேலை ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான் மூன்றிலுமே சிலருக்கு ஒவ்வாத நிக்கல் உலோகம் இருக்கலாம். தொப்புளுக்குக் கீழே வட்டமாக அரித்தால் பொத்தானையும், தோளில் அரித்தால் ஊக்கையும் சந்தேகியுங்கள். அக்குளின் ஓரங்களில் அரிப்பு வந்து குழிவு மட்டும் தப்பியிருந்தால் அது துணிச் சாயமாக இருக்கலாம், குறிப்பாகக் கருநீல, கறுப்பு பாலியஸ்டர் லைனிங். குழிவிலேயே வந்தால் நறுமணப் பூச்சைப் பாருங்கள். புதுத் துணி எதுவானாலும் துவைத்துப் போடுங்கள். தொடையின் வெளிப்புறம் எரிந்து மரத்துப்போனால் இடுப்பு இறுக்கத்தால் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அது இறுக்கமான ஜீன்ஸாலும் வரும், இறுக்கிய பாவாடையாலும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் நாடாவை அவிழ்த்துவிட்டு இடுப்பைக் கழுவி ஈரம் ஒற்றி எடுத்து, தொளதொளப்பான பருத்தி நைட்டிக்கு மாறிவிடுங்கள். இடுப்பில் எதுவும் கட்டாத, காற்று புகும் உடை. மருத்துவராக இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மரபும் இல்லை நாகரிகமும் இல்லை என்று இரண்டு பக்கமும் ஏளனம் செய்யும் உடையும் இதுதான். 2018இல் ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற ஊரில், காலை ஏழு முதல் இரவு ஏழு வரை நைட்டியோடு வெளியே வரும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானம் போட்டார்கள். இடுப்புக்கு நிம்மதி தரும் ஒரே உடை மேல் இத்தனை ஆத்திரம். அந்தப் பெரியவர்களை ஒரு கோடை முழுவதும் சாட்டின் பாவாடை கட்டச் சொல்ல வேண்டும்.

கறுத்த தோலை நார் போட்டுத் தேய்ப்பது, எலுமிச்சை பிழிவது, வெளுக்கவைக்கும் பூச்சு எதையும் போடுவது வேண்டாம். அழுத்தம் நின்றால் தடிப்பு சில மாதங்களில் மெல்லக் குறையும். கறுப்பு போக ஓராண்டுகூட ஆகலாம், முழுவதும் போகாமலும் இருக்கலாம். அது அழகுக் குறை மட்டுமே.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் களிம்புக் குழாயை மறக்காமல் எடுத்துப் போங்கள், வழக்கமாகக் கட்டும் பாவாடையையும். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவருக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும் என்று நினைக்கிறேன். புற்று வந்ததாகச் சொன்னேனே, அந்த இரண்டு பெண்களின் வயதும் அதுதான். ‘எங்களுக்கு வராத நோயா’ என்கிறவரின் இடுப்பை இதுவரை எந்த மருத்துவரும் பார்த்திருக்க மாட்டார். ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.